தரிசனத்தன்று ஆலா பார்க்கப் போனோம்

என் கணவர் பிறந்தது மார்கழித் திருவாதிரையில். சிதம்பரத்தில், அதுவும் தேரோடும் வீதியில் வீடு வைத்திருப்பவருக்கு இதைவிடத் தோதில்லாத நட்சத்திரம் கிடையாது. அன்றைக்குத்தான் ஆருத்ரா தரிசனம். புவனகிரியிலிருந்தும் பண்ருட்டியிலிருந்தும் ஒன்றுவிட்ட உறவு, இரண்டுவிட்ட உறவெல்லாம் முதல் நாள் தேருக்கே வந்து இறங்கிவிடும். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து பார்க்கிறேன், நடராஜருக்குக் களி கிண்டி, வந்தவர்களுக்கு சாம்பார் கொதிக்கவிட்டு முடிப்பதற்குள் பொழுது போய்விடும். இவருக்கென்று ஒரு கரண்டி பாயசம் வைக்க அடுப்பு காலியாக இருந்ததில்லை. இவரும் பாய் விரித்துக்கொண்டும் தண்ணீர் தூக்கிக்கொண்டும் பிறந்தநாளைக் கழித்துவிடுவார்.

இந்த வருடம் அப்படி விட எனக்கு மனசில்லை. ஆடி மாதம் அவருக்கு நெஞ்சைத் திறந்து பைபாஸ் செய்தார்கள். நன்றாகத் தேறிவிட்டார், நடக்கலாம், பஸ்ஸில் போகலாம் என்று டாக்டர் சொல்லியாயிற்று. உடம்பு தேறியதே தவிர மனுஷர் தேறவில்லை. பொங்கலுக்கு வெள்ளையடிக்கலாமா என்று கேட்டால், "உசிரோட இருந்தா பாக்கலாம்" என்பார். சித்திரையில் மகள் வருகிறாளாம் என்றால் அதற்கும் அதே பதில். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். சமையலறைக்குப் போய்ப் பாத்திரத்தை நங்கென்று வைப்பேன். கோபமெல்லாம் மேலுக்குத்தான், உள்ளே பயம். நாளைக்கு அப்புறம் என்று ஒரு பேச்சு அவர் வாயிலிருந்து தானாக வந்துவிட்டால் போதும் என்று எல்லாச் சாமிக்கும் வேண்டிக்கொண்டிருந்தேன்.

வேலையில் இருந்தவரை கடலூர் துறைமுகத்தை ஒட்டிய ஓர் அலுவலகத்துக்குத்தான் தினமும் போய் வந்தார். மத்தியானச் சாப்பாட்டைத் தூக்கிக்கொண்டு கரைக்குப் போய்விடுவாராம். வீட்டுக்கு வந்ததும் ஆலாப் பறவை இன்றைக்கு எப்படித் தலைகீழாகத் தண்ணீரில் பாய்ந்தது என்று ஒரே கதையாக இருக்கும். நான் கீரை ஆய்ந்துகொண்டே 'உம்' கொட்டுவேன். மார்கழியில்தான் அவை கூட்டமாக இருக்கும் என்பது மட்டும் எப்படியோ மண்டையில் ஏறியிருந்தது.

தரிசனத்தன்று காலையில் வீட்டுச் சாவியை நாத்தனார் கையில் கொடுத்தேன்.

"ஊரே இங்க வருது, நீங்க ரெண்டு பேரும் எங்க அண்ணி போறீங்க?"

"பறவை பாக்க."

"பறவையா!" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

"களி சட்டியில இருக்கு. வர்றவுங்களுக்கு நீயே குடுத்துடு" என்று சொல்லிவிட்டு, அவள் இன்னொரு கேள்வி கேட்பதற்குள் இவரைக் கிளப்பிக்கொண்டு படியிறங்கினேன்.

சிதம்பரத்துக்கு வரும் பஸ்களில் படிக்கட்டு வரை ஆள் தொங்கியது. நாங்கள் ஏறிய கடலூர் பஸ்ஸில் காற்றுதான் பயணம் செய்தது. ஜன்னலோரம் உட்கார்ந்தவர் வழி நெடுக எதிரே வரும் பஸ்களின் கூட்டத்தையே பார்த்துக்கொண்டு வந்தார். வீம்புக்குக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டேனோ என்று நினைத்துக்கொண்டேன்.

முகத்துவாரத்தில், ஆற்றுத் தண்ணீர் கடலில் சேரும் இடத்தில் ஒரு மணல்திட்டு இருந்தது. அதில் வெள்ளையாக எதையோ கொட்டி வைத்தமாதிரி தெரிந்தது. "அதான்" என்றார். அப்புறம் பேச்செல்லாம் ரகசியக் குரலில்தான். கொஞ்சம் நடப்போம், என் தோளை அழுத்தி உட்காரவைப்பார், மறுபடி கொஞ்சம் நடப்போம். அறுபதைத் தாண்டிய இரண்டு பேர் திருடர்கள் மாதிரி மணலில் பதுங்கிப் பதுங்கிப் போனதை நாத்தனார் பார்த்திருக்க வேண்டும்.

ஒருவழியாகக் கிட்டத்தில் போய் உட்கார்ந்தோம்.

"மஞ்ச மூக்கு தெரியுதா? அது பெரிய ஆலா. பின்னந்தலையில முடி சிலுத்துக்கிட்டு நிக்குது பாரு."

"எல்லாம் ஒரே பக்கமா பாத்துக்கிட்டு நிக்குதே?"

"காத்து எங்கேருந்து வருதோ அங்கதான் மூஞ்சிய வெச்சுக்கும். இல்லன்னா இறகு கலஞ்சுடும்."

அவர் முகத்தைப் பார்த்தேன். பழைய முகம் பாதி வந்திருந்தது. எனக்கு அதுவே நிறைந்துவிட்டது.

மாத்திரைக்கு நேரமாகிவிட்டதே என்று டிபன் பாக்ஸைத் திறந்தேன். பிறந்தநாள் களி. எங்கள் வீட்டில் காக்காவுக்கு வைக்காமல் யார் வாயிலும் எதுவும் போகாது, நல்ல நாள் என்றால் கேட்கவே வேண்டாம். கை பாட்டுக்கு ஒரு பிடி களியை எடுத்து இலைத்துண்டில் வைத்தது. வாய் பாட்டுக்கு, மொட்டை மாடியில் நின்று கூப்பிடும் அதே குரலில் "கா... கா..." என்று ஓங்கிக் கூப்பிட்டது.

மீன் இறங்கும் இடம் பக்கத்தில்தான் இருந்தது என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. அங்கிருந்த காக்காய் மொத்தமும் கிளம்பி வந்தது. திட்டில் இருந்த ஆலாக்கள் ஒன்று பாக்கியில்லாமல் கத்திக்கொண்டு எழும்பின. தலைக்கு மேலே வெள்ளை வெள்ளையாகச் சுற்றிவிட்டுக் கடல் பக்கம் போயே போய்விட்டன.

அவ்வளவு பாடுபட்டுக் கிட்டே வந்து, நானே விரட்டிவிட்டேன். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அவர் வெறும் மணல்திட்டைப் பார்த்தார். களி தின்னும் காக்காய்களைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு தோள் குலுங்க ஆரம்பித்தது.

"அடிப்பாவி! கடக்கரையில வந்து எவளாவது காக்கா கூப்புடுவாளா?"

சிரித்தார், அப்படிச் சிரித்தார். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். நெஞ்சுக்கு ஆகுமோ ஆகாதோ என்று நான்தான் அவர் முதுகைப் பிடித்துக்கொண்டேன்.

சிரித்து அடங்கியதும் ஒரு வாய் களி போட்டுக்கொண்டார். கடல்மேல் புள்ளியாகத் திரும்பி வரும் பறவைகளைக் கண்ணால் தேடிக்கொண்டே, மென்றபடி, "அடுத்த வருஷம் காக்காவுக்கு வீட்டுலயே வெச்சுட்டுக் கெளம்பு" என்றார்.

என்ன சொன்னோம் என்பது அவருக்கே தெரியவில்லை. "சரிங்க" என்றேன். இன்னொரு பிடி களியை எடுத்து அவர் கையில் வைத்தேன்.