பின்வரிசை இடது ஓரமும் மூன்று லென்ஸ்களும்

கரமனையிலிருந்து ஆனந்தம் மாமி போன் செய்தபோது நான் மத்தி கழுவிக்கொண்டிருந்தேன்.

"செல்வி, என்லார்ஜர் வந்துடுத்து. ஆனா வெளிச்சம் போட்டா போட்டோல நான் நிக்கற மூலை மட்டும் கரேல்னு இருக்கு. நீ ஒடனே வரணும்."

"மாமி, கையில மத்தி. கழுவிட்டு வரட்டா, அப்படியே வரட்டா?"

"கழுவிட்டே வா," என்றார் மாமி.

நான் தம்பானூரில் ஒரு ஸ்டுடியோவின் டார்க்ரூமில் பிரிண்டராக இருந்தவள். பாதி ஆயுசு சிவப்பு பல்பின் கீழே போயிற்று. இப்போது ஓய்வு என்று பேர். வீட்டில் டார்க்ரூம் வைக்கக் கிளம்பியவர்கள் என்னைப் பிடித்து, நெகட்டிவைப் பெரிதாக்கிப் பேப்பரில் விழவைக்கும் என்லார்ஜருக்கு எந்த லென்ஸ் வாங்கலாம் என்று கேட்பார்கள். விலையைக் கேட்பார்கள், கம்பெனியைக் கேட்பார்கள். எதைப் பிரிண்ட் போடப் போகிறோம் என்று மட்டும் யோசித்திருக்க மாட்டார்கள். எனக்குப் பொறுமை குறைவு, பலரைத் திட்டி அனுப்பியிருக்கிறேன். மாமியை மட்டும் திட்ட முடியவில்லை. அவருக்கு எதைப் பிரிண்ட் போட வேண்டும் என்பது நன்றாகத் தெரியும்.

மாமி டெலிபோன் ஆபரேட்டராக இருந்து ரிட்டயர் ஆனவர். அவர் தெருவிலிருந்து முதன்முதலாக வேலைக்குப் போன பெண். டிரெயினிங் முடிந்த அன்று எடுத்த குரூப் போட்டோ ஒன்று உண்டு. பேட்சில் இருபத்திரண்டு பேர், படத்தில் இருபத்தொரு தலை. பின்வரிசை இடது ஓரத்தில் வெளிறி, கலங்கி ஒரு முகம். அது தான்தான் என்பார் மாமி. இல்லை, அது நான், ஆனந்தம் அன்றைக்கு லீவு என்பார் புஷ்பம் அக்கா. புஷ்பம் அக்காவும் அதே பேட்ச், நெய்யாற்றின்கரைக்காரி, மாமியின் உயிர்த் தோழி. இந்த ஒரு விஷயத்தில் மட்டும் இருவருக்கும் ஆகாது.

இப்போது பேட்ச் மொத்தமும் கூடப் போகிறது. படத்தைப் பெரிதாக்கி, கீழே பெயர் போட்டு, ஆளுக்கு ஒன்று கொடுக்க ஏற்பாடு. இடது ஓரத்துக்குக் கீழே யார் பெயர் போடுவது? படம் எடுத்த ஸ்டுடியோவை மூடியபோது மாமி அலைந்து நெகட்டிவை வாங்கி வைத்திருந்தார்.

"ஸ்கேன் பண்ணினா ஒரு நிமிஷத்துல தெரிஞ்சிருமே மாமி," என்று கேட்டேன்.

"புஷ்பம் ஒத்துக்க மாட்டா. கம்ப்யூட்டர்ல யார் மூஞ்சியை வேணும்னாலும் வைக்கலாமாக்கும்னு சொல்றா. அவ கண்ணு முன்னாடி பேப்பர்ல வரணுமாம்." பிறகு மாமி சொன்னார்: "அந்தப் படத்துல நான் இல்லேன்னா எனக்குத் தாங்காது செல்வி. நான் அங்கே நின்னதுக்கு வேற அத்தாட்சி ஒண்ணுமே இல்லை எங்கிட்டே."

ஐம்பது

குளியலறையில் வாஷிங்மெஷின்மேல் என்லார்ஜர். கதவின் கீழ் இடுக்கில் பழைய வேட்டி. ஏற்பாடு மோசமில்லை. நெகட்டிவை லூப் என்கிற குட்டிப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். இடது ஓரம்வரை ஷார்ப். நெகட்டிவில் முகம் கறுப்பாகவும் தலைமுடி வெள்ளையாகவும் இருக்கும், அதுவும் கடுகளவு. ஆள் யார் என்று பெற்ற தாயாலும் சொல்ல முடியாது. ஆனால் முகம் அங்கே கலங்காமல் இருக்கிறது என்பது உறுதி.

குற்றம் என்லார்ஜரோடு வந்த லென்ஸில். அது ஐம்பது எம்எம், முப்பத்தைந்து எம்எம் பிலிமுக்கு உள்ளது. மாமியுடையது ஆறுக்கு ஆறு சென்டிமீட்டர் சதுர நெகட்டிவ். சின்னப் போர்வையை நாலு பேர் போர்த்திக்கொண்டால் ஓரத்தில் படுத்தவருக்குக் குளிரத்தானே செய்யும்? மூலைக்கு வெளிச்சம் எட்டாது. இந்த நெகட்டிவுக்கு எழுபத்தைந்தோ எண்பதோ வேண்டும் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

எழுபத்தைந்து

என்னைக் கேட்காமலே மாமி ஆன்லைனில் ஒரு எழுபத்தைந்து வாங்கிவிட்டார். "பளபளன்னு இருக்கு, ஒரு கீறல் இல்லை," என்று பெருமை வேறு.

கீறலுக்குப் பயப்படாதீர்கள். லேசான கீறல் பிரிண்டில் தெரியாது. முதலில் டார்ச்சைப் பின்னாலிருந்து அடித்துப் பாருங்கள். நம் ஊர் மழைக்கு லென்ஸுக்குள்ளும் பூஞ்சை பிடிக்கும், சிலந்தி நூல் மாதிரி தெரியும். அது இருந்தால் தொடாதீர்கள். இதில் அது இல்லை. அடுத்து, வெளிச்சம் பட்டுக் கறுத்த பிலிம் துண்டு ஒன்றில் நடுவிலும் நாலு மூலையிலும் ஊசியால் கீறி, என்லார்ஜரில் போட்டேன். நடுக்கோடு முடி மாதிரி மெல்லிசாக விழுந்தது. மூலைக்கோடுகள் அழுத கண்ணில் மை கலைந்த மாதிரி இருந்தன.

"அபர்ச்சரைக் குறைச்சா சரியாகாதா?" மாமிக்கு அதற்குள் பாஷை பிடிபட்டுவிட்டது.

லென்ஸின் துவாரத்தை எஃப் பதினொன்றுக்குக் குறைத்தேன். கொஞ்சம் தேறியது, போதவில்லை. இது மூன்று கண்ணாடி வைத்த லென்ஸ். போஸ்ட்கார்டு அளவுக்குப் போதும். பன்னிரண்டுக்குப் பதினைந்து அங்குலத்தில் பின்வரிசை ஓரத்து முகம் தெரிய ஆறு கண்ணாடி வேண்டும்.

மாமியின் முகம் வாடிவிட்டது. "மூலைல நிக்கறவாளுக்குன்னு ஒருத்தரும் லென்ஸ் பண்ணலையா?"

"பண்ணியிருக்கான் மாமி. என் அலமாரியில இருக்கு."

எண்பது

அது என்னுடைய ஆறு கண்ணாடி எண்பது. இறுக்கமான டப்பாவில் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பாக்கெட்டோடு வைத்துக் காப்பாற்றி வருவது, யாருக்கும் இரவல் கொடுத்ததில்லை. ஊசிக்கீறல் நாலு மூலையிலும் சுத்தமாக விழுந்தது. அடுத்த நாள் புஷ்பம் அக்காவை வரவழைத்தோம்.

மூன்று பேரும் ஒரு குளியலறையில். புஷ்பம் அக்கா குழாய்ப் பக்கம் ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டார்.

"எனக்கு நல்ல ஓர்மை உண்டு செல்வி. ஓரத்துல நின்னது நானாக்கும். இவளுக்கு அன்னைக்குக் காய்ச்சல்."

"காய்ச்சல் அதுக்கு முந்தின வாரம்," என்றார் மாமி.

"ரெண்டு பேரும் வாயை மூடுங்க. பேப்பரை எடுக்கப் போறேன்," என்றேன்.

முழு அபர்ச்சரில் ஃபோகஸ் பார்த்து, துவாரத்தை இரண்டு படி குறைத்துப் பேப்பருக்கு வெளிச்சம் கொடுத்தேன். அதற்குமேல் குறைக்காதீர்கள், மறுபடி மழுங்கும். பேப்பரை டெவலப்பரில் விட்டு டிரேயை ஆட்டினேன். முதலில் புடவைக் கரைகள் வந்தன, பிறகு தலைகள், பிறகு முகங்கள். புஷ்பம் அக்கா எழுந்து வந்து குனிந்தார்.

"தா, என் வட்டப் பொட்டு. பாத்தியா? நானேதான்."

மாமியும் பார்த்தார். பழைய படத்தில் கலங்கியிருந்த அதே முகம், சந்தேகமே இல்லாமல் புஷ்பம் அக்கா. அப்படியே பின்னால் நகர்ந்து சுவரோடு ஒட்டி நின்றுகொண்டார். இந்த லென்ஸை ஏன்தான் கொண்டுவந்தோமோ என்று எனக்கு இருந்தது.

படம் அழியாமல் நிற்க ஹைப்போ கரைசலில் போட்டு, நேரம் ஆனதும் வெள்ளை விளக்கைப் போட்டேன். புஷ்பம் அக்கா கண்ணாடியை மாட்டிக்கொண்டு தன் முகத்தை ரசித்துக்கொண்டிருந்தார். திடீரென்று அவர் விரல் அந்த முகத்துக்கு இடது பக்கம் போயிற்று.

"இது யாரு?"

படத்தின் விளிம்பை ஒட்டி இன்னொரு பெண் நின்றாள். ஒல்லி, இரட்டைப் பின்னல்.

"ஆனந்தம், இங்க வாட்டீ. ரெண்டு பக்கமும் மூக்குத்தி போட்டவ நம்ம பேட்ச்ல நீ ஒருத்திதான்."

மாமி வந்து பார்த்தார். ஈரப் பேப்பரில் இரண்டு மூக்குத்தியும் இரண்டு புள்ளியாகப் பளிச்சென்று இருந்தன. "நான்தான்," என்றார். அப்புறம் ஸ்டூலில் உட்கார்ந்து அழுதார்.

நடந்தது இதுதான். அந்தக் காலத்து ஸ்டுடியோக்காரனும் பொருந்தாத லென்ஸில்தான் பிரிண்ட் போட்டிருக்கிறான். ஓரம் வெளிறிப்போகவே, கத்தரித்துவிட்டான். ஓர ஆளும் அதோடு போயாயிற்று. நானாவது முதல் நாளே கண்டுபிடித்திருக்கலாம். லூப் வைத்துப் பிலிமின் துகள் தெரிகிறதா என்று பார்த்தேனே தவிர, தலைகளை எண்ணவில்லை. பிரிண்டர்களுக்கு உள்ள வியாதி அது.

ஆகவே, லென்ஸ் வாங்கப் போகிறவர்களே, நடுவைப் பார்த்து மயங்காதீர்கள். எந்த மட்டமான லென்ஸும் நடுவில் நிற்பவரை அழகாகக் காட்டும். மூலையைப் பார்த்து வாங்குங்கள்.

பிரிண்டைக் கழுவிக் கொடியில் மாட்டிவிட்டு நான் வெளியே வந்தபோது, புஷ்பம் அக்கா கூடத்தில் போனோடு உட்கார்ந்திருந்தார். பேட்சில் ஒருத்தர் விடாமல் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"புஷ்பம் பேசுறேன். நம்ம குரூப் போட்டோவுல ஆனந்தம் இருக்கா, கேட்டியா. அவ லீவுன்னு இத்தனை காலம் நான் சொன்னது தப்பாக்கும். என் பக்கத்துலதான் நிக்கா."

மாமி பக்கத்து நாற்காலியில் காப்பி டம்ளரோடு உட்கார்ந்திருந்தார். ஒரு வாய் குடித்துவிட்டுச் சொன்னார்:

"நன்னா உரக்கச் சொல்லு புஷ்பம். போன்ல இருக்கறவளுக்குக் காது சரியாக் கேக்காது."