பாறைக்குள் இருந்த கசப்பு

லூர்து டீச்சர் இறந்த செய்தி, அடக்கம் முடிந்த மூன்றாம் நாள்தான் எனக்கு வந்தது. சின்னாளப்பட்டி பஸ்ஸில் பக்கத்தில் இருந்தவர் பேச்சோடு பேச்சாகச் சொன்னார். எனக்கும் ஆள் அனுப்ப வேண்டும் என்று யாருக்குத் தெரியும்?

திண்டுக்கல்லில் கல்லூரியில் கெமிஸ்ட்ரி சொல்லிக்கொடுத்தவர்கள். தனிக்கட்டை. நான் கிணறு வெட்டுகிறவன், கைநாட்டு. தொண்ணூறுகளின் கடைசியில் எங்கள் ஊர்க் கிணறு தோல் பதனிடும் ஷாப் கழிவால் கெட்டுக் கிடந்தது. இரண்டு மழைக்குப் பிறகு தண்ணீர் தெளிந்ததும், மோட்டார் போட்டுக் குடிக்கலாம் என்றது ஊர்.

தண்ணீரைச் சோதிக்க வந்திருந்த டீச்சர் மட்டும், "தண்ணி தெளிஞ்சிருச்சு. பாறை தெளிஞ்சிருச்சான்னு பாக்கணும்ணே" என்றார்கள்.

தண்ணீரை இறைத்துவிட்டு இறங்கி, தொட்டால் உதிரும் பாறையில் ஒரு கட்டி பெயர்த்தேன். படித்தவர்கள் கையில் அழுக்காகவா கொடுப்பது என்று நன்றாகக் கழுவிக் கொடுத்தேன். டீச்சர் தலையில் கை வைத்துக்கொண்டார்கள்.

"கல்யாணப் பொண்ணு மாதிரி குளிப்பாட்டிட்டீங்களேண்ணே! கல்லுக்குள்ள ஊறி இருக்குற தண்ணிதான எனக்கு வேணும்?"

மறுபடி இறங்கினேன். இந்தக் கட்டியைக் காயவிடாமல் பாலிதீனில் சுற்றிக் கல்லூரிக்குக் கொண்டுபோனோம். இரும்புக் குழாய்க்குள் போட்டு, லாரி ஜாக்கியால் நெருக்கினார்கள். காலையில் தொடங்கியது, சாயங்காலம் சீசாவில் விரற்கடைத் தண்ணீர். அம்புட்டு நேரமும் டீச்சர் ஸ்டூலை விட்டு எழவில்லை. குழாய் முனையில் நின்ற கடைசிச் சொட்டைத் தொட்டு நாக்கில் வைத்தேன்.

"ஏண்ணே, இது என்ன கோயில் தீர்த்தமா? துப்புங்க!"

துப்பினேன். உப்புக் கசப்பு. ராத்திரிச் சோறு வரைக்கும் போகவில்லை.

ஊர்க்கூட்டத்தில் டீச்சர், "பாறை குடிச்ச கழிவை இன்னும் கக்கிக்கிட்டேதான் இருக்கும். கொஞ்ச வருஷம் இந்தத் தண்ணி வேண்டாம்" என்றார்கள்.

"கல்லுக்குள்ள ஏதும்மா தண்ணி?" என்று ஊர்க்காரர்கள் சிரித்தார்கள். "உள்ள எறங்குனவன் நீதானப்பா, நீ சொல்லு" என்றார் தலைவர்.

டீச்சர் என்னைப் பார்த்தார்கள். ஊரை எதிர்க்க எனக்குத் துணிவு வரவில்லை.

"எனக்கென்ன தெரியும்? நான் படிக்காதவன்" என்றேன்.

டீச்சர் பையை எடுத்துக்கொண்டு தனியாகப் பஸ்ஸுக்கு நடந்தார்கள்.

மோட்டார் ஓடியது. அடுத்த கோடையில் கசப்பு மேலே வந்தது; குடித்த பிள்ளைகளுக்கு வயிறு கெட்டது. டீச்சரைப் போய்ப் பார்க்க வேண்டும் என்று இத்தனை வருஷமும் நினைத்துக்கொண்டே இருந்தேன். திண்டுக்கல் மணிக்கூண்டு வரை போய்த் திரும்பியதும் உண்டு.

நேற்று கல்லறைத் தோட்டத்துக்குப் போனேன். மண் இன்னும் இறுகவில்லை. பாதியில் அணைந்த மெழுகுவத்தி ஒன்று சாய்ந்து கிடந்தது. ஆள் அரவமே இல்லை.

"கசந்துச்சு டீச்சர்" என்றேன். "அன்னைக்கே கசந்துச்சு."

கேட்க ஆளில்லாத இடத்தில் சொன்னது போதாது. எழுதத் தெரிந்த ஒருவரை எழுதச் சொல்லி, ஊர் கேட்க இங்கேயும் சொல்கிறேன். போய் வாருங்கள், டீச்சர்.