ஏழாவது மணி நேரத்தில் நின்ற மென்பொருள்

மூளை ஸ்கேன் பிரிவில் எல்லோரும் அவளைக் கணினி அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். பதினோரு வருடம் பள்ளியில் கணக்குச் சொல்லிக் கொடுத்தவள். நாற்பது வயதில் தானாகவே நிரல் எழுதப் படித்து இந்த வேலைக்கு வந்தாள். எம்ஆர்ஐ படத்திலிருந்து மண்டையோட்டை நீக்கி, மூளையின் ஒவ்வொரு பகுதியையும் அளக்கும் மென்பொருளை ஓட்டுவது அவள் பொறுப்பு. இரண்டு வருடம் சொன்ன பேச்சைக் கேட்ட மென்பொருள், ஒரு திங்கட்கிழமை முரண்டு பிடித்தது.

ஒரு படத்துக்கு எட்டு மணி நேரம். ஏழு மணி நேரம் சமர்த்தாக ஓடும். கடைசிப் படியில் ‘கோப்பு இல்லை’ என்று கையை விரித்துவிடும். கோப்போ கண்ணெதிரே கிடந்தது.

செவ்வாய்க்கிழமை நினைவகத்தைச் சோதித்தாள். புதன்கிழமை மென்பொருளையே அழித்துவிட்டு மறுபடி நிறுவினாள். அதே பல்லவிதான். தயாரித்தவர்களுக்கு எழுதியதற்கு, ‘கணினியை அணைத்துவிட்டுப் போடவும்’ என்று பதில் வந்தது. படித்ததும் அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

தலைமை டாக்டர் வேறு மணிக்கொரு தரம் எட்டிப் பார்த்தார். “என்னம்மா, ஆச்சா?”

“ஆனா நானே வந்து சொல்ல மாட்டேனா டாக்டர்?”

“இல்லம்மா, அந்தத் தையல்கார அம்மாவுக்கு வலிப்பு நிக்கவே மாட்டேங்குது. மூளையில எந்தப் பக்கம் சுருங்கியிருக்குன்னு வெள்ளிக்கிழமைக்குள்ள தெரியணும். அப்பத்தான் ஆபரேஷனுக்கு முடிவெடுக்க முடியும்.”

வியாழன் காலை வந்ததும், ஊகிப்பதை விட்டுவிட்டு, மென்பொருள் ஓடும்போது தானே எழுதி வைத்திருந்த குறிப்பை வரி வரியாகப் படித்தாள். எண்ணூறு வரிக்கு மேல் போன பிறகு கண்ணில் பட்டது: கடைசிப் படி ‘மூளை’ என்ற கோப்புறையைத் தேடியிருந்தது. இருந்ததோ ‘மூளை படங்கள்’. அந்தக் கடைசிப் படி மட்டும், நடுவில் இடைவெளி வந்தால் பெயர் முடிந்துவிட்டது என்று நினைக்கும் பழைய நிரல். அதனால்தான் அவள் எப்போதும் சேர்த்தே எழுதுவாள்.

“டாக்டர், இந்தப் பேரை யார் மாத்துனது?”

“நான்தாம்மா. ஒட்டிக்கிட்டு அசிங்கமா இருந்துச்சு. போன வாரம் பிரிச்சு வெச்சேன்.”

மூன்று நாள்! அவளுக்குத் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றியது.

“ஒரு இடைவெளிக்கா இவ்வளவு கூத்து?” என்றார் அவர், சிரித்துக்கொண்டே.

“சிரிக்காதீங்க டாக்டர். இனிமே இதுல கை வெக்காதீங்க.”

அவர் சிரிப்பு அடங்கியது. “தப்புதாம்மா” என்றார்.

பெயரைச் சேர்த்து எழுதி ஓட்டினாள். மாலை ஆறு மணிக்கு அளவுகள் வந்தன: இடப்பக்கம் நன்றாகவே சுருங்கியிருந்தது. மறுநாள் தையல்கார அம்மாவுக்கு அறுவை சிகிச்சைத் தேதி குறித்தார்கள். கோபம் ஆறாத கணினி அக்கா அன்றும் டாக்டரோடு பேசவில்லை.