ஆயிரம் மைல் ஓட்டமும் என் கைச் சைகையும்

எண்பதுகளின் நடுவில் டென்மார்க்கின் ஓல்போர்க்கில் ஒரு மீன் தொழிற்சாலையில் வேலை செய்தேன். எனக்குப் பக்கத்தில் நின்று மீன் வெட்டிய டேனிஷ்காரரிடம் இருவர் மட்டும் உட்காரக்கூடிய பழைய இத்தாலியக் கார் ஒன்று இருந்தது. அவர் வாயைத் திறந்தால் இத்தாலியின் ஆயிரம் மைல் ஓட்டம்தான். பிரெஸ்சியாவில் புறப்பட்டு, சாதாரணத் தெருக்களில் ரோமுக்குப் போய்த் திரும்பும் பந்தயம் அது. எஞ்சின் இரைச்சலில் பேச்சுக் கேட்காதாம். அதனால் பக்கத்தில் இருப்பவர் வளைவுகளைக் குறித்து வைத்த கடதாசிச் சுருளைப் பார்த்துக் கையால் சைகை காட்டுவாராம். ஐம்பதுகளின் பிற்பகுதியில் ஒரு விபத்தில் வேடிக்கை பார்த்தவர்களும் இறந்துபோக, பந்தயத்தை நிறுத்திவிட்டார்கள். இப்போது பழைய கார்கள் குறித்த நேரத்துக்குப் போய்ச் சேரும் ஓட்டமாக அது திரும்ப வந்திருக்கிறது என்றார்.

அதைப் பார்த்து எங்கள் பக்கத்துக் கார்ப் பிரியர்களும் வருடத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை ஓட்டம் வைத்தார்கள். இவர் முதல் இரண்டு தடவையும் கடைசி. மூன்றாவது தடவையும் கடைசியென்றால் காரை விற்றுவிட வேண்டும் என்று மனைவி சொல்லிவிட்டார். அந்த மூன்றாவது ஓட்டத்தில் பக்கத்தில் இருந்து சைகை காட்ட இவர் என்னைக் கூப்பிட்டார். டேனிஷ் பேசக் கூச்சப்பட்டு நான் வாயே திறக்காத காலம் அது.

என்னோடு ஒரே அறையில் இருந்த யாழ்ப்பாணத்துக்காரன் விழுந்து விழுந்து சிரித்தான்.

"அண்ணை, உங்களுக்கெண்டே செய்த வேலை. வாயே திறக்கத் தேவையில்லை."

"ஓம், சிரி, சிரி."

பாதி வழி நன்றாகத்தான் போனது. ஒரு சந்தியில் உயரமான செடிவேலி தெருவை மறைத்தது. நான் இறங்கி முன்னால் போய்ப் பார்த்தேன். ஒரு வாகனமும் இல்லை. ஊரில் லொறிக்கு வழி காட்டுவதுபோல, உள்ளங்கையைக் கீழே கவிழ்த்து விரல்களை மடக்கி மடக்கி, வா, வா என்று காட்டினேன். கார் பின்னால் போனது. இன்னும் வேகமாகக் காட்டினேன். இன்னும் வேகமாகப் பின்னால் போனது. கூப்பிட எனக்குக் கூச்சம். கடைசியில் ஒரு பண்ணை முற்றத்துச் சேற்றில் சில்லுப் புதைந்து நின்றது.

"போ, போ என்று ஏன் துரத்தினாய்?" என்று கேட்டார் அவர்.

"வரச் சொன்னனான்." அவர்கள் உள்ளங்கையை மேலே பார்க்க வைத்துத்தான் வா என்று கூப்பிடுவார்களாம்.

பண்ணைக்காரர் உழவு இயந்திரத்தால் இழுத்துவிட்டார். நாங்கள் கடைசி.

முடிவிடத்தில் காத்திருந்த மனைவி கதையைக் கேட்டார். என்னை அந்தச் சைகையைக் காட்டச் சொன்னார். காட்டினேன். கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார்.

"இதிலே காரின் பிழை ஒன்றுமில்லை. கார் இருக்கட்டும். ஆனால் அடுத்த முறை சைகை காட்டுவது நான்" என்று சொல்லி, என் இருக்கையில் ஏறி உட்கார்ந்துகொண்டார்.

வேறு இருக்கை இல்லாததால், நான் பஸ்ஸில் வீடு வந்தேன்.