ஒரே தடவை கூப்பிட்டவர்கள்

மே மாதம் பத்தொன்பதாம் தேதி, செவ்வாய்க்கிழமை, காலை ஆறே காலுக்குக் கோசிமா அத்தை ஊரை விட்டுக் கிளம்பினாள். எங்கள் பக்கத்தில் செவ்வாயும் வெள்ளியும் கல்யாணத்துக்கும் ஆகாது, பயணத்துக்கும் ஆகாது. அதனால் பஸ் நிற்கும் இடத்தில் வழியனுப்ப வந்தவர்களைவிடத் தடுக்க வந்தவர்கள்தான் அதிகம். அத்தை கோட்டை வாசலுக்கு வெளியே, கடற்காற்றுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பெட்டியின் மேல் உட்கார்ந்திருந்தாள். அறுபத்தாறு வயதில் அவள் அதுவரை பார்த்திருந்த தூர தேசம் எங்கள் மாகாணத் தலைநகரான பாரி. அதுவும் ஆஸ்பத்திரிக்காக.

“செவ்வாக்கிழமை கிளம்பினவ எவளும் ஒழுங்கா போய்ச் சேந்ததில்ல,” என்றாள் எதிர்வீட்டு பீனா.

“நீ நல்ல சனிக்கிழமையாப் பாத்துத்தானே கல்யாணம் பண்ணிக்கிட்ட. ஒழுங்காவா போச்சு?” என்றாள் அத்தை.

பீனாவின் புருஷனும் அங்கேதான் நின்றார். அவர் கடலைப் பார்த்தார்.

அத்தையின் கணவர் ஒரோன்சோ மாமா கடைசி முயற்சியாக, “நாளைக்குப் போனா என்ன?” என்று கேட்டார்.

“நாளைக்கு வடக்கே பொலோஞாவுலேர்ந்து நாப்பது பேரு வராங்க. அவங்களுக்குக் கதவத் திறந்தா மறுநாள் இன்னொரு நாப்பது பேரு. இப்படியே முப்பத்தெட்டு வருஷம் போயிடுச்சு.”

“அப்ப என் சாப்பாடு?”

“ஃப்ரிட்ஜ திற. அதுக்குச் சாவி கிடையாது.”

பஸ் வந்தது. அத்தை கைப்பையிலிருந்து ஒரு சாண் நீள இரும்புச் சாவியை எடுத்து என் கையில் வைத்தாள். “மத்தியானம் ஒண்ணுலேர்ந்து நாலு வரைக்கும் யாரு மணி அடிச்சாலும் நீ செத்துட்ட, திறக்கக் கூடாது. புரிஞ்சுதா தெக்லா?”

“புரிஞ்சுது அத்தை.”

“உலகத்தையே சுத்திட்டேன்னு சொல்ற. ஒரு கதவு முன்னால உக்கார முடியுதா பாப்போம்.”

அந்தச் சாவியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். எங்கள் தெருவில் ஒன்பதாம் எண் வீட்டை ஒட்டிப் பாறையைக் குடைந்து செய்த ஒரு சின்னக் கோயில் இருக்கிறது. உள்ளே சுவர் முழுக்க ஆயிரம் வருஷத்துக்கு முன் வரைந்த புனிதர்கள். ஈரத்தில் பாதிப் பேருக்கு முகம் போய்விட்டது, மீதிப் பேருக்குக் கால் போய்விட்டது. கதவில் ஒரு பலகை தொங்கும்: ‘சாவிக்கு ஒன்பதாம் எண் வீட்டில் திருமதி கோசிமாவைக் கேட்கவும்.’ மாமியார் செத்தபோது அத்தைக்கு வந்து சேர்ந்தவை ஒரு அலமாரி, மூட்டு வலிக்கு ஒரு தைலம், இந்தச் சாவி. நகராட்சியைக் கேட்டால் கோயில் மறைமாவட்டத்துடையது என்பார்கள். ஆயர் இல்லத்தில் கேட்டால் நகராட்சியுடையது என்பார்கள். கூரை ஒழுகும்போது அது யாருடையதும் இல்லை. சாவி கோசிமாவிடம் இருக்கிறது என்பதில் மட்டும் இரண்டு தரப்புக்கும் கருத்து வேறுபாடு கிடையாது.

ஊருக்கு மே மாதம் படித்தவர்கள் வருவார்கள், ஆகஸ்டில் கடலில் குளிப்பவர்கள் வருவார்கள். குளிப்பவர்களால் அத்தைக்குத் தொல்லையில்லை. படித்தவர்கள்தான் மணி அடிப்பார்கள். அவள் கை மாவைக் கழுவிக்கொண்டு போய்க் கதவைத் திறப்பாள். ஃபிளாஷ் போடாதே என்பாள். முகமில்லாத புனிதர் யார் என்று கேட்டால், அன்றைக்கு மனதில் வரும் பெயரைச் சொல்வாள். பிறகு, வேலை இத்தோடு முடிந்தது என்று கதவைச் சாத்திவிட்டுப் போகத் தெரியாமல், எல்லோரையும் வீட்டுக்குள் கூப்பிட்டுக் காபி கொடுப்பாள். மழையில் மாட்டிக்கொண்டவர்களுக்கு அவரைப் பருப்பு மசியலும் காட்டுக் கீரையும் கிடைக்கும். அவர்கள் கண் கலங்கிப் போய் வருகைப் புத்தகத்தில் எழுதுவார்கள்: ‘எங்கள் ஊர்ப் பக்கம் வந்தால் கட்டாயம் எங்கள் வீட்டுக்கு வர வேண்டும்.’ கீழே விலாசம்.

அந்த விலாசங்களை அத்தை நம்பினாள். விஷயம் முழுக்க அதுதான்.

நான் பிப்ரவரியில்தான் ஊருக்குத் திரும்பியிருந்தேன். ஏழு வருஷம் கப்பல் சமையலறை, ராட்டர்டாமில் ஒரு பூக்கிடங்கு, லிஸ்பனில் ஒரு விடுதி என்று சுற்றிவிட்டு, எதிலும் காலூன்றாமல் வந்து சேர்ந்தவள். வேலை கிடையாது, நாலு மொழி தெரியும், கல்யாணம் ஆகவில்லை. முப்பத்தெட்டு வருஷமாகச் சாவியை யாரிடம் கொடுப்பது என்று தெரியாமல் தவித்தவளுக்கு என்னைவிடப் பொருத்தமான ஆள் எங்கே கிடைப்பார்கள்? ஏப்ரலில் ஒருநாள் அவரைக்காய் உரித்துக்கொண்டே அத்தை விஷயத்தைச் சொன்னாள். மார்ட்டன் வீட்டுக்குப் போகப் போகிறாள்.

“எந்த மார்ட்டன்?”

“தொண்ணூத்தி நாலுல வந்தான்ல, பெல்ஜியத்துக்காரன். பொண்டாட்டியும் வந்திருந்தா. அன்னிக்கு நல்ல மழை. மூணு மணி நேரம் எங்க வீட்லதான். ரெண்டு தட்டு சாப்பிட்டான்.”

“அத்தை, இருபத்தோரு வருஷம் ஆச்சு.”

“அதனால என்ன? நானும்தான் இருபத்தோரு வருஷமா வரேன் வரேன்னு இருக்கேன்.” பழைய வருகைப் புத்தகத்தில் ஒரு பக்கத்தைத் திருப்பிக் காட்டினாள். விலாசத்துக்குக் கீழே ரயில் நிலையத்திலிருந்து வீடு வரை வழி வரைந்திருந்தது. ஒரு பாலம், ஒரு ரொட்டிக் கடை, மூலையில் ஒரு மரம், கடைசியில் ஒரு சின்னக் கதவு. “வர வேணாம்னு நினைக்கிறவன் வழி வரைஞ்சு குடுப்பானா?”

“சும்மா மரியாதைக்குச் சொல்றதும் உண்டு அத்தை.”

“நம்ம ஊர்லதான் அது. நம்மாளுங்க மூணு தடவ கூப்பிடுவாங்க, அவங்க ஊர்ல ஒரே தடவ. மூணு தடவ சொல்றவன் முதல் ரெண்டு தடவ பொய் சொல்லலாம். ஒரே தடவ சொல்றவன் எப்படிப் பொய் சொல்லுவான்?”

எங்கள் ஊரில் யாராவது சாப்பிட்டுக்கொண்டிருக்கும் வாசலைக் கடந்தால், அவர்கள் ‘சாப்பிட வாங்க’ என்று சொல்லியாக வேண்டும். கடப்பவர் ‘இப்பதான் ஆச்சு’ என்று சொல்லியாக வேண்டும். இரண்டாவது தடவையும் அப்படியே. மூன்றாவது தடவை கூப்பிட்டால்தான் உள்ளே நிஜமாகவே இன்னொரு தட்டு இருக்கிறது என்று அர்த்தம். இந்தக் கணக்கை வைத்து அத்தை வடக்கத்தி நாடுகளை எடை போட்டிருந்தாள். அவளுடைய தர்க்கத்தில் எனக்கு ஒரு ஓட்டையும் தெரியவில்லை, அது தப்பு என்பது மட்டும் தெரிந்தது.

ஏனென்றால் ‘கட்டாயம் எங்கள் வீட்டுக்கு வர வேண்டும்’ என்ற வாக்கியத்தை நானே பதினோரு நாடுகளில் எழுதிக் கொடுத்திருக்கிறேன். ராட்டர்டாமில் ஒருத்தி உண்மையிலேயே வந்து மணியடித்தாள். போர்ச்சுகல்காரி, முதுகில் பை. நான் கதவுக்குப் பின்னால் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவள் நாலு தடவை அடித்துவிட்டுப் போனாள். இதை அத்தையிடம் சொல்லியிருக்க வேண்டும். பஸ் கிளம்பும்போதுகூடச் சொல்லியிருக்கலாம். அவளோ ஜன்னல் வழியாக வெளியே பார்த்தபடி, முப்பத்தெட்டு வருஷமாகத் தன் வாசலில் நின்றவர்கள் முகத்தில் பார்த்த அதே களையோடு உட்கார்ந்திருந்தாள். நான் கையாட்டினேன்.

சாவி ஒரு நாளில் என்னைப் பழக்கிவிட்டது. பொலோஞாக்காரர்கள் நாற்பது பேரில் முப்பது பேர் புனிதர்களைப் பார்த்தார்கள், பத்துப் பேர் கழிப்பறையைப் பார்த்தார்கள். ஒரு பெண்மணி என்னை மேலும் கீழும் பார்த்து, “அசல் ஆள் இல்லையா?” என்று கேட்டாள். வியன்னாவிலிருந்து ஒருவர் சாக்லேட் பெட்டியோடு வந்தார். கோசிமா இல்லை என்றதும் பெட்டியைத் திரும்பப் பைக்குள் வைத்துக்கொண்டார். முகமில்லாத புனிதர் யார் என்று கேட்டவர்களிடம் தெரியாது என்று நேர்மையாகச் சொன்னேன். அவர்கள் ஏமாற்றத்தோடு போனார்கள். உண்மையைத் தெரிந்துகொள்ளவா அவ்வளவு தூரம் வருகிறார்கள்?

அத்தையிடம் போன் கிடையாது. வேண்டாம் என்றுவிட்டாள். மீனவர் சங்கத்தில் சீட்டாடும் ஆட்கள் அவள் மூன்று நாளில் திரும்பிவிடுவாள் என்றார்கள். மூன்றாம் நாள் மத்தியான பஸ்ஸுக்குப் பத்துப் பேர் தற்செயலாகக் கோட்டை வாசலில் நின்றார்கள். அத்தை வரவில்லை. ஐந்தாம் நாள் ஆறு பேர். எட்டாம் நாள் ஒரோன்சோ மாமா மட்டும். அவர் காய்ந்த பார்லி ரொட்டியைத் தண்ணீரில் நனைத்துத் தக்காளி தேய்த்துத் தின்றே நாளை ஓட்டினார். பத்தாம் நாள் அடுப்பைத் தேய்த்துக்கொண்டிருந்தார். கல்யாணம் ஆன நாளிலிருந்து அந்த அடுப்பை அவர் தொட்டதாக யாருக்கும் நினைவில்லை.

“தெக்லா, நீ நாலு ஊரு பாத்தவ,” என்றார், திரும்பாமல். “அந்தாளு கதவத் திறந்திருப்பானா?”

“திறந்திருப்பாரு மாமா.”

“எல்லாருக்கும் திறந்தவ அவ. ஒரு கதவு திறக்கலன்னா தாங்க மாட்டா.”

“திறந்திருப்பாரு.”

“ரெண்டு தடவ சொல்லிட்ட,” என்றார் மாமா. மூன்றாவது தடவை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அத்தை பதினான்காம் நாள் மத்தியான பஸ்ஸில் வந்து இறங்கினாள். பெட்டி இலேசாக இருந்தது. அவள் வீட்டுக்குள் நுழைவதற்குள் தெருவே பின்னால் நுழைந்துவிட்டது.

“எப்படி இருந்துச்சு?” என்றாள் பீனா.

“ரொட்டி சரியில்ல.”

“கதவத் திறந்தானா?”

“கதவுன்னா திறக்கத்தானே.”

“மார்ட்டன் எப்படி இருக்கான்?”

அத்தை கொஞ்சம் யோசித்தாள். “ஒரு சாண் குள்ளமாயிட்டான். வயசாச்சுல்ல. ஆனா முன்னாடி வழுக்கை, இப்ப முடி முளைச்சிருக்கு. அந்த ஊர்ல மருந்தெல்லாம் நல்லா இருக்கு.”

பீனா வாசலுக்கு வந்த பிறகுதான் தீர்ப்புச் சொன்னாள். “இவ பெல்ஜியத்துக்கே போகல. பக்கத்துல லெச்சேல எவ வீட்லயோ இருந்துட்டு வந்திருக்கா.” மற்றவர்கள் அவ்வளவு கல்நெஞ்சர்கள் இல்லை. போயிருப்பாள், மணியடித்திருப்பாள், யாரும் திறந்திருக்க மாட்டார்கள், பாவம், ஏதோ விடுதியில் நாளை ஓட்டிவிட்டு வந்து கதை சொல்கிறாள் என்றார்கள். நானும் அதையே நம்பினேன். அந்தக் கதவுக்குப் பின்னால் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றவர்களை எனக்கு நன்றாகத் தெரியும் என்று நினைத்தேன்.

அன்று சாயங்காலமே சாவியைத் திரும்ப வாங்கிக்கொண்டாள். “பூட்டுக்கு எண்ணெய் போட்டியா?” என்று மட்டும் கேட்டாள்.

அதற்குப் பிறகு அவளிடம் ஒரே ஒரு மாற்றம். வருகைப் புத்தகத்தில் யாராவது ‘கட்டாயம் வர வேண்டும்’ என்று எழுதினால், அத்தை தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்து, “எந்த மாசம்?” என்று கேட்பாள். படித்தவர்கள் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு நிற்பார்கள். சிலர் ரயிலுக்கு நேரமாகிவிட்டது என்பார்கள். எங்கள் ஊருக்கு ரயிலே கிடையாது.

தெருக்காரர்கள் அவளிடம் பெல்ஜியத்தைப் பற்றிக் கேட்பதை நிறுத்திவிட்டார்கள். ரொம்ப மென்மையாகப் பேச ஆரம்பித்தார்கள். பீனாகூட ஒருநாள் எலுமிச்சை கொண்டுவந்து கொடுத்தாள். அத்தைக்கு அது பிடிக்கவில்லை. “என்னடி எல்லாரும் சாவு வீட்டுக்கு வர மாதிரி வராளுங்க?” என்று என்னிடம் கேட்டாள். எனக்குப் பதில் தெரிந்திருந்தது. எலுமிச்சையைக் கழுவி வைத்தேன்.

பத்து மாதம் கழித்து, மறு ஏப்ரலில், தெரியாத ஒரு எண்ணிலிருந்து என் போனுக்குச் செய்தி வந்தது. டச்சு மொழியில் எழுதி, யந்திரத்தால் எங்கள் மொழிக்கு மாற்றி, இரண்டையுமே அனுப்பியிருந்தார்கள். நான் டச்சைப் படித்தேன்.

‘வணக்கம். என் பெயர் க்ரீத். உங்கள் எண்ணைத் திருமதி கோசிமா புறப்படும்போது எங்கள் சமையலறைச் சுவரில் பென்சிலால் எழுதிவிட்டுப் போனார். அதை நாங்கள் அழிக்கவில்லை. போன மே மாதம் ஒரு சாயங்காலம் அவர் எங்கள் வீட்டு மணியை அடித்தார். கையில் எங்கள் வீட்டுக்கு வழி வரைந்த ஒரு தாள் இருந்தது. என் கணவரைப் பார்த்ததும் “மார்ட்டன்” என்று சொல்லி இரண்டு கன்னத்திலும் முத்தமிட்டு அழுதார். மார்ட்டன் எங்களுக்கு இந்த வீட்டை விற்றவர், ஆறு வருஷத்துக்கு முன் இறந்துவிட்டார். இதைச் சொல்ல எங்களுக்கு மொழி இல்லை. அகராதியைத் தேடி எடுப்பதற்குள் அவர் பெட்டியிலிருந்து எண்ணெயும் ரொட்டியும் எடுத்து மேஜையில் பரப்பிவிட்டார். பத்து நாள் இருந்தார். பத்து நாளும் என் கணவர் மார்ட்டனாக இருந்தார். தன்னைப் பார்த்து இவ்வளவு சந்தோஷப்பட்டவர்கள் யாருமில்லை என்கிறார். அந்தப் பத்து நாளில் நான் என் கணவரை ஒரு தடவைகூடச் சொந்தப் பெயரால் கூப்பிடவில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இப்போது திருமதி கோசிமாவிடமிருந்து ஒரு கடிதம் வந்திருக்கிறது. இந்த மே மாதமும் வருகிறாராம், இந்தத் தடவை கணவரோடு. உறையின் மேல் “மார்ட்டனுக்கு” என்று எழுதியிருக்கிறார். உள்ளே “அன்புள்ள லீவன்” என்று தொடங்குகிறார். லீவன் என்பதுதான் என் கணவரின் பெயர். நாங்கள் மிகவும் குழம்பிப் போயிருக்கிறோம். அறை தயார். அவர்கள் வந்து மணியடிக்கும்போது என் கணவர் யாராகக் கதவைத் திறக்க வேண்டும் என்று மட்டும் தயவுசெய்து கேட்டுச் சொல்லுங்கள்.’