கன்ட்ரோலரை ஒளித்து வைத்த அத்தை

பெண் பார்க்க வருகிறார்கள் என்றால் நம் வீடுகளில் எதையெல்லாம் மறைப்போம்? கிழிந்த சோபா, உப்புக்காற்றில் உதிர்ந்த சுவர்... நான் ஒரு வீடியோ கேமை மறைத்தேன்.

இரண்டு மாதம் முன்பு நடந்தது. என் தம்பி ஜெபராஜுக்கு மில்லர்புரத்தில் வீடு, ஹார்பர் பக்கம் கப்பல் சரக்குக்கு கிளியரிங் ஏஜென்ட் ஆபீஸ் ஒன்றில் வேலை. அவன் ஒரே மகள் ஷைனி பேங்க் ஆபீசர். அவளைப் பார்க்க நாசரேத்திலிருந்து ரோஸ்லின் டீச்சர் தன் மகன் டேனியலோடு வருவதாக இருந்தது. டீச்சர் முப்பது வருடம் கணக்குப் பாடம் எடுத்து ஓய்வு பெற்றவர். பையன் சென்னையில் சாப்ட்வேர்.

தம்பி மனைவி இறந்து மூன்று வருடம் ஆகிறது. அதனால் ஏற்பாடெல்லாம் என் தலைமையில். டிவிக்குக் கீழே இருந்த கேம் பெட்டியையும் இரண்டு கன்ட்ரோலரையும் எடுத்து, துணி பீரோவில் வைத்துப் பூட்டினேன்.

"எதுக்கு அத்தை?" என்றாள் ஷைனி.

"ஏளா, அம்பத்தெட்டு வயசு அப்பனும் மகளும் உக்காந்து பொம்மைக் கார் ஓட்டுதீங்கன்னு தெரிஞ்சா, வாரவங்க என்ன நெனப்பாங்க?"

வந்தார்கள். மக்ரூன், டீ, பொதுவான சொந்தக்காரர்கள் பற்றிய விசாரிப்பு — எல்லாம் நன்றாகத்தான் போனது. அப்புறம் டீச்சர் கேட்டார்: "சாயங்காலம் பேங்க் விட்டு வந்தா என்னம்மா செய்வ?"

நான் முந்திக்கொண்டேன். "சமையல் செய்வா. சர்ச் கொயர்ல பாடுவா..."

"வீடியோ கேம் விளையாடுவேன் ஆன்ட்டி. அப்பாகூட," என்றாள் ஷைனி.

"அப்பாகூடயா?" டீச்சர் குரலில் வகுப்பறை வந்துவிட்டது. "இந்த வயசுலயா?"

தம்பி தட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். சம்பந்தம் கைவிட்டுப் போயிற்று என்று நான் முடிவே கட்டிவிட்டேன்.

ஷைனி நிதானமாகச் சொன்னாள். "அம்மா போன பிறகு அப்பா யார்கிட்டயும் பேசுறதில்ல ஆன்ட்டி. ஆபீஸ் விட்டு வந்து சுவரையே பாத்துட்டு இருப்பாங்க. ஒருநாள் சும்மா கையில கன்ட்ரோலரைக் குடுத்தேன். கார் ஓட்டிக்கிட்டே அம்மாவைப் பத்திப் பேச ஆரம்பிச்சாங்க. இப்பவும் விளையாடும்போதுதான் பேசுவாங்க. கல்யாணத்துக்கு அப்புறமும் தினமும் ஒரு மணி நேரம் விளையாடுவேன். அவங்க இங்கன, நான் அங்கன, நெட் வழியா. அதுக்குச் சரின்னா மேல பேசலாம்."

இந்தக் காரணம் எனக்கே தெரியாது. வாரம் இரண்டு முறை அந்த வீட்டுக்குப் போகிறவள் நான். ஒரு தடவையாவது கேட்டேனா? "இன்னும் சின்னப் பிள்ளையால?" என்று தம்பியைக் கேலி செய்ததோடு சரி.

டேனியல் தொண்டையைக் கனைத்தான்.

"அம்மா... நானும் விளையாடுவேன்."

"நீ எப்ப? ராத்திரி எட்டு மணிக்கு மேல உனக்கு ஆபீஸ் கால்னு சொல்லுவியே."

"அதுதாம்மா இது."

டீச்சர் மகனைப் பார்த்தார். ஷைனியைப் பார்த்தார். பிறகு என்ன தோன்றியதோ, தம்பியிடம் திரும்பி, "அப்படி என்னதான் இருக்கு அதுல? எடுங்க பாப்போம்," என்றார்.

பீரோ சாவி என் இடுப்பில். எல்லோரும் பார்க்க நானே போய்த் திறந்து எடுத்து வந்தேன். அந்த நடை இருக்கிறதே... பத்தடிதான், பத்து மைல் போலிருந்தது.

முதல் ரேஸில் டீச்சர் கார் சுவரில் மோதியது. இரண்டாவதில் தலைகீழாகக் கவிழ்ந்தது. "வளைவு வருது, பிரேக்கை அமுக்குங்க டீச்சர்," என்று தம்பி சொல்லிக்கொடுத்தான். அவன் தானாக ஒரு வேற்று ஆளிடம் பேசி நான் பார்த்து எத்தனை நாளாயிற்று! ஐந்து மணிக்குக் கிளம்ப வேண்டியவர்கள் ஏழரைக்குத்தான் காரில் ஏறினார்கள். மூன்றாவது இடம் பிடிக்காமல் டீச்சர் எழுந்திருக்க மறுத்துவிட்டார்.

யோசித்துப் பாருங்கள். மூன்று மணி நேரம் சீரியல் பார்த்தால் ஓய்வு. கிளப்பில் சீட்டாடினால் பொழுதுபோக்கு. மகளோடு உட்கார்ந்து கார் ஓட்டினால் மட்டும் வயசுக்கு மரியாதை போய்விடுமா?

நிச்சயதார்த்தம் முடிந்தது. ஜனவரியில் கல்யாணம். இப்போது நாசரேத்திலும் ஒரு கேம் பெட்டி இருக்கிறது. சனிக்கிழமை சாயங்காலம் சம்பந்தி வீடுகள் இரண்டும் ஆன்லைனில் மோதிக்கொள்கின்றன.

போன சனிக்கிழமை தம்பி போன் செய்தான். "எக்கா, மாப்பிள்ளைக்கு இன்னைக்கு உண்மையாவே ஆபீஸ் கால். ஒரு ஆள் குறையுது. வாரியா?"

அதனால் இந்தப் பத்தி, பத்திரிகை ஆசிரியருக்கு ஒரு நாள் தாமதமாகத்தான் போனது. நெட் வேலை செய்யவில்லை என்று சொல்லியிருக்கிறேன்... நீங்களும் அப்படியே சொல்லுங்கள்.