கண்ணாடிப் பெட்டியில் விரிசல்

எங்கள் மகள் ஏழாம் மாதத்திலேயே பிறந்துவிட்டாள். தொண்ணூறுகளின் நடுவில், ஒரு ஐப்பசி மழைக்காலம். வண்ணார்பேட்டையில் சின்ன தனியார் ஆஸ்பத்திரி. ஜன்னலைத் திறந்தால் பஸ் ஹாரன் கட்டில்வரை வரும். குழந்தையை இன்குபேட்டரில் வைத்திருந்தார்கள். கண்ணாடிப் பெட்டி என்றுதான் எல்லோரும் சொன்னோம். உண்மையில் அதன் மூடி தெளிவான பிளாஸ்டிக்.

நான் ஆழ்வார்குறிச்சியில் தமிழ் வாத்தியார். பள்ளிக்கூடம் விட்டதும் பஸ் பிடித்து வந்துவிடுவேன். வேதியியல் படித்த என் மனைவி, பச்சை உடம்போடு பெட்டிக்குப் பக்கத்திலேயே ஒரு ஸ்டூலில் உட்கார்ந்திருப்பாள். மகளைத் தூக்க முடியாது, பார்க்கத்தான் முடியும்.

அது அங்கிருந்த மூத்த நர்ஸுக்குப் புரிந்திருந்தது. பாளையங்கோட்டைக்காரர். தினமும் காலையில் பஞ்சை ஸ்பிரிட்டில் நனைத்து மூடியைப் பளபளவென்று துடைத்துவிடுவார். "பெத்தவளுக்குப் பிள்ள முகம் நல்லாத் தெரியணும்லா" என்பார்.

ஒரு சனிக்கிழமை சாயங்காலம் நான் உள்ளே நுழைந்ததும், "இங்கன பாருங்க" என்றாள் மனைவி. மூடியின் திருகாணியைச் சுற்றிச் சிலந்தி இழைபோல மெல்லிய கோடுகள். தலையைச் சாய்த்துப் பார்த்தால் மினுங்கின. நேராகப் பார்த்தால் ஒன்றுமே தெரியவில்லை.

நர்ஸிடம் எப்படிச் சொல்வதென்று வெகுநேரம் தயங்கினாள். அவர் வந்தபோது பைய ஆரம்பித்தாள்.

"அக்கா, இனிமே ஸ்பிரிட்டு வேண்டாமே. திருகாணி இறுக்கிப் பிடிச்ச இடத்துல பிளாஸ்டிக் ஏற்கெனவே இழுபட்டுக்கிட்டு நிக்கி. அங்கன ஸ்பிரிட்டு இறங்குனா வெடிப்பு விட்டுரும். இறுக்கம் மட்டும்னா தாங்கிக்கிடும். ரெண்டும் சேர்ந்தா தாங்காது."

நர்ஸின் முகம் வாடியது. "சுத்தமா இருக்கணும்னுதானே துடைச்சேன், பிள்ள?"

"எனக்குத் தெரியாதாக்கா?" என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அன்றிலிருந்து ஸ்பிரிட் நின்றது. ஆனால் விழுந்த கோடு விழுந்ததுதான். மறுநாள் துணி மாற்ற நர்ஸ் மூடியைத் தூக்கியபோது 'டக்'கென்று ஒரு சத்தம். திருகாணியிலிருந்து விளிம்புவரை விரிசல் ஓடிவிட்டது. குழந்தை இரண்டு கைகளையும் விரித்துத் திடுக்கிட்டு அழுதாள். அத்தனை சத்தமாக அவள் அழுது அதுவரை நாங்கள் கேட்டதில்லை.

டாக்டர் ஓடிவந்து பார்த்தார். மூச்சு சீராக இருந்தது. வேண்டியது கதகதப்புதான். வேறொரு ஆஸ்பத்திரியிலிருந்து பெட்டி வந்து சேரும்வரை தாயின் நெஞ்சிலேயே போட்டு வைக்கச் சொன்னார். நர்ஸ் திரையை இழுத்துவிட்டார். குழந்தையை மனைவியின் வெறும் மார்பில் கவிழ்த்துப் படுக்கவைத்து, மேலே கம்பளியைப் போர்த்தினார். நான் திரைக்கு வெளியே நின்றிருந்தேன். உள்ளே அழுகை கொஞ்சம் கொஞ்சமாக அடங்கிற்று.

"ஏங்க, கேக்குதா? பிள்ள தூங்கிட்டா. அவ மூச்சு என் நெஞ்சுல தெரியுது."

நான் திரையோரம் நெருங்கிக் காது கொடுத்தேன். "நல்லாத் தூங்கிட்டா சார்" என்று நர்ஸும் சொன்னார்.

சாயங்காலம் வேறு பெட்டி வந்தது. அதைச் சோப்புத் தண்ணீரில் நனைத்த மெல்லிய துணியால் நர்ஸ் துடைத்து வைத்தார். அதற்கப்புறமும், டாக்டரிடம் கேட்டுக்கொண்டு, தினமும் கொஞ்ச நேரம் குழந்தையை எடுத்து மனைவியின் நெஞ்சில் போட்டார்.

பொங்கலுக்கு முன்னால் மகளை வீட்டுக்கு அழைத்துப்போனோம். நர்ஸ்தான் வாசல்வரை தூக்கிவந்தார். ஆட்டோக்காரர் இரண்டு முறை ஹாரன் அடித்தும் நர்ஸ் குழந்தையைக் கொடுக்கவில்லை.

"இருங்கண்ணே, இப்பமே போகணுமா? இன்னும் செத்த நேரம் வச்சுக்கிடுதேன்" என்றார்.